திருவொற்றியூரில் ஒரு டம்ளர் மலைவேம்புச் சாறு

கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் என் தம்பி மனைவி அஞ்சலைக்குக் குழந்தையில்லை. மாதவிலக்கு அவளுக்கு ஒழுங்காக வராது. வந்தால் வலியில் சுருண்டுவிடுவாள். தைக்குள் நல்ல சேதி இல்லையென்றால் வேறு பெண் பார்ப்பேன் என்று எங்கள் அம்மா சொல்லிவிட்டாள். அதனால்தான் போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் திருவொற்றியூருக்கு அழைத்துப் போனேன்.

வியாசர்பாடியிலிருந்து ஐந்து மைல். ஜட்கா போகவரப் பத்தணா. காலை ஆறு மணிக்கு ஏறினோம். தண்டையார்பேட்டை தாண்டினால் ரோடு எலும்பை எண்ணிவிடும். "கெட்டியா புட்ச்சுக்கினு குந்துங்கம்மா" என்றார் வண்டிக்காரர். ஏழேகாலுக்கு இறங்கினோம்.

மருத்துவச்சி செங்கேணியம்மாள் வீடு கடலோரக் குப்பத்தில். மாதவிலக்கான முதல் மூன்று நாள் மட்டும், வெறும் வயிற்றில், மலைவேம்பு இலைச்சாறு கொடுப்பார். மற்ற நாளில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். அஞ்சலைக்கோ ராயபுரம் கிடங்கில் சாக்கு தைக்கிற வேலை. ஞாயிறு மட்டும் லீவு. அவளைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள்? பொய் சொல்வார்கள். வண்டியிலேயே நானும் சொல்லிக் கொடுத்தேன்.

"ரெண்டாம் நாளுன்னு சொல்லு."

"நாளு தள்ளிப் போயிகினு கீது அண்ணி…"

"ஒனக்கு எப்பவும் அப்டித்தானே? கம்முனு வா" என்றேன். எனக்கு அவ்வளவு அறிவு!

செங்கேணியம்மாள் கேட்டார், இவள் ரெண்டாம் நாள் என்றாள். இலையை இடித்துப் பிழிந்து அரை டம்ளர் நீட்டினார். வாயருகே கொண்டுபோனதும் அஞ்சலை டம்ளரை வைத்துவிட்டு வேலியோரம் ஓடிக் குமட்டினாள். அவர் அவளையே பார்த்தார்.

"எத்தினி நாளா இப்டி கீது?"

"நாலு நாளாம்மா."

"மெய்யச் சொல்லு, தாயி. கடசியா எப்போ தலைக்குக் குளிச்ச?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "அம்பது நாளாச்சும்மா."

செங்கேணியம்மாள் டம்ளரை எடுத்து அப்படியே மணலில் ஊற்றினார். "வயித்துல புள்ள தங்கியிருந்தா இத்தக் குடிக்கவே கூடாது. ஆஸ்பத்திரில லேடி டாக்டராண்ட போய்க் காட்டு" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். எங்களைத் திட்டவேயில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "இன்னா அண்ணி, கொயந்த கணக்கா அழுவுற" என்று அஞ்சலைதான் என் கண்ணைத் துடைத்தாள். மறுநாள் லேடி டாக்டரும் கர்ப்பம் என்றே சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறுவதற்குள் போங்கள், டம்ளர் கொண்டு போங்கள், மாதவிலக்கு நாளை மட்டும் மறைக்காதீர்கள். நாள் தள்ளியிருந்தால் எந்தச் சாறும் வேண்டாம், முதலில் டாக்டரிடம் போங்கள். லீவு இன்னொரு ஞாயிறும் வரும்.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பொய் யார் சொல்லிக் கொடுத்தது என்று அஞ்சலை இன்றுவரை வீட்டில் மூச்சு விடவில்லை. என் தம்பி எழுத்துக்கூட்டிப் படிப்பான். இதைப் படித்துவிட்டு வந்து என்னைத் திட்டட்டும். அன்றைக்கு யாரும் திட்டாமல் விட்டதுதான் இன்னும் தாங்கவில்லை.