கத்தி படாத தாடி

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. அதிலும் தாடி வைத்த தலைவர்களை நம்பச் சுத்தமாக வராது.

எங்கள் உத்தனப்பள்ளிப் பக்கம் ஓர் ஆண் தாடி விட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பெண்டாட்டி மாசமாக இருப்பாள், மலைக்கு மாலை போட்டிருப்பார், இல்லை வீட்டில் சாவு விழுந்திருக்கும். காரணம் முடிந்ததும் தாடியும் போய்விடும். சுவரொட்டித் தலைவர்களுக்கு அப்போதெல்லாம் மீசைதான். கன்னம் வரை முறுக்கிய மீசை. அப்புறம் மேலுதட்டில் கோடு போட்டது போல ஒன்று. அப்புறம் சில வருடம் அதுவும் இல்லாமல் மழமழவென்று. இப்போது எல்லாருக்கும் ஒரே தாடி, பாதி நரைத்து, ஒட்ட வெட்டியது. கட்சி வேறு, கொடி வேறு, தாடி மட்டும் ஒன்று. அத்திப்பள்ளி எல்லை தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனாலும் எழுத்துதான் கன்னடம், தாடி அதே தாடி. எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

"உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகந்தான்டி" என்பார் என் வீட்டுக்காரர்.

"நீங்களும் தாடி வெச்சுப் பாருங்க, அப்ப தெரியும்" என்பேன்.

ஓசூரில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எட்டு வருடமாக நான் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆகிவிட வேண்டும், அது ஒன்றுதான் என் ஆசை. என் வேலை பிசிறு பார்ப்பது. அச்சிலிருந்து வரும் பாகத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் பிசிறு இருந்தால் ஒதுக்க வேண்டும். தானாக வந்த ஓரம் எது, பிசிறைச் சீவப் பிளேடு பட்ட ஓரம் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கான சங்கத்தில் ஓர் அண்ணன் தலைவராக இருந்தார். ஒருநாள் கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்து, "இங்க இருக்கற அத்தினி பேரும் பெர்மனென்ட் ஆகற வரைக்கும் என் மூஞ்சில கத்தி படாது" என்றார். ஒரே கைதட்டல். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

நாலு மாதத்தில் தாடி நன்றாக வளர்ந்தது. அவர் படம் போட்ட பேனர் ஒன்று கேட்டுக்கு எதிரே வந்தது. நின்று பார்த்தேன். அசல் மந்திரி மாதிரி இருந்தார். கன்னத்தில் தாடியின் ஓரம் ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தது, கழுத்தில் ஒரு முடி இல்லை. அடப்பாவி, இது பிளேடு பட்ட ஓரமாச்சே! முகத்திலேயே பொய் சொல்கிறவர் பேச்சுவார்த்தையில் என்னதான் செய்ய மாட்டார்?

கம்பெனி பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? எல்லாரிடமும் சொன்னேன். அடுத்த மீட்டிங்கில் எழுந்து கேட்டும் விட்டேன். "அண்ணா, கத்தி படாதுன்னீங்களே, அந்தக் கன்னத்துல கோடு போட்டது யாரு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போனார். மடியில் கனம் இருக்கிறது, அதனால்தான் பதில் வரவில்லை என்று நான் முடிவு கட்டினேன். அன்றிலிருந்து லைனில் அவருக்கு 'டிரிம்மர்' என்று பெயர்.

சங்கத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் தினமும் முகம் மழித்து வருகிறவர். பளிச்சென்ற முகம், மறைக்க ஒன்றுமில்லாத முகம். பஸ்ஸில் வந்த பெண்கள் அத்தனை பேரையும் அவருக்கே ஓட்டுப் போட வைத்தேன். ஜெயித்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியது யார்? நான், இந்தச் சந்தேகக்காரி! மூன்றே மாதத்தில் அவர் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டார். கேன்டீன் சாப்பாடு நன்றாக வரும், பஸ் நேரத்துக்கு வரும் என்று அதில் இருந்தது. இனி யாரும் பெர்மனென்ட் கேட்கக் கூடாது என்றும் இருந்தது. எதிர்த்துச் சத்தம் போட்டது தாடிக்கார அண்ணன் ஒருவர்தான். மறுநாளே வேலை இல்லை என்று அவருக்குக் கேட்டை மூடிவிட்டார்கள்.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். முகம் மழித்திருந்தது, அடையாளமே தெரியவில்லை. பிஸ்கட் கம்பெனியில் கான்ட்ராக்டாகச் சேர்ந்திருக்கிறாராம். தாடி இருந்தால் உள்ளே விடமாட்டார்களாம்.

"அன்னைக்கு ஏண்ணா பதில் சொல்லாம போனீங்க?" என்றேன்.

"பேனருக்குப் போட்டோ எடுத்தவன், 'பிச்சைக்காரன் மாதிரி இருக்கீங்க, தலைவர் மாதிரி பண்ணிடறேன்'னு ஓரத்தை எடுத்துட்டான்மா. எனக்கும் ஆசையா இருந்துச்சு. அத்தினி பேர் முன்னாடி அதைச் சொல்ல வெக்கமாப் போச்சு."

"என்னை நாலு திட்டு திட்டுங்கண்ணா."

"உன்னை எதுக்கு திட்டணும்? நீ பாத்தது சரிதானேம்மா" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. பஸ் வந்தது. ஒன்பதாவது வருடக் கான்ட்ராக்ட் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.