பர்மிட் பிராந்தி

சாராயக் கடைகளைத் திறந்த அரசாங்கமே அவற்றை மூடிய பிறகு வந்த வெயில் காலம் அது. அடையாற்றில் மாதா கோயிலை ஒட்டி இருந்த சிறிய டிஸ்பென்சரியில் நான் நர்ஸ். இருபத்தாறு வயது. சாந்தோமில் எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. குடித்தவன் எதிரே வந்தால் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். அப்படித்தான் வளர்ந்தேன்.

கடை மூடினால் குடி நின்றுவிடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. நிற்கவில்லை. கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் சிலர், மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷை வடிகட்டிக் குடிக்கத் தொடங்கினார்கள். அது கண் பார்வையைப் பறிக்கும். கொஞ்சம் கூடினால் உயிரையும்.

அந்தக் குப்பத்திலிருந்து கூடை சுமந்து வந்து மீன் விற்கும் அக்கா ஒருத்தி எனக்குப் பழக்கம். ஒரு நாள் காலையில் கூடை இல்லாமல், புருஷனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தாள். அவர் கண்கள் திறந்தே இருந்தன. முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன். இமைக்கவில்லை.

“கண்ணுல பனி மூடினாப்புல கீதுன்னு நேத்தே சொன்னாரு நர்சம்மா. போலீசு இட்டுக்கினு பூடும்னு நாந்தான் கதவ சாத்தி வச்சேன்” என்றாள்.

டாக்டர் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உயிர் பிழைத்தது, பார்வை திரும்பவில்லை. முந்தின நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை நான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. மற்ற வீடுகளில் இதைச் சொல்ல வேண்டும், கூட வருகிறாயா என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையே போனேன். வீடு வீடாக நின்று, குடிக்காதே என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதை எல்லோரும் சொல்லியாயிற்று. குடித்த மறுநாள் வயிறு வலித்தாலோ, கண் மங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வாருங்கள், பெயர் கேட்க மாட்டோம் என்று சொன்னேன். அக்கா பக்கத்தில் நின்று தன் புருஷனின் கதையைச் சொன்னாள். அவள் சொன்னதுதான் எடுபட்டது. ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். பதிவேட்டில் ‘வயிற்று வலி’ என்று எழுதினேன்.

டிஸ்பென்சரியை நடத்திய கமிட்டியின் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கண்டிப்பானவர். குடிகாரர்களுக்கு நான் துணைபோகிறேன் என்றார். மறுவாரமே வாசலில் ஒரு பலகை தொங்கியது: ‘குடித்துவிட்டு வருபவர்களுக்கு இங்கே இடமில்லை.’ நான் அதைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்தேன். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் கலைகிற நேரத்தில், அக்காவும் நான்கு பெண்களும் ஐந்து பேரை இரண்டு மீன் வண்டிகளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஐந்து பேருக்கும் கண்ணில் அதே பனி மூட்டம். டாக்டர் சோடா உப்புக் கரைசல் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டோம், ஆம்புலன்ஸ் வண்டி வரத் தாமதமானது. அவர் என்னைத் தனியே அழைத்து, அந்த விஷத்தை முறிக்க இப்போது நல்ல பிராந்தி வேண்டும் என்றார். மதுவிலக்கு நடக்கும் ஊரில் பிராந்திக்கு எங்கே போவது? டாக்டர் சற்றுத் தயங்கினார். பிறகு, செயலாளர் வீட்டில் இருக்கும், உடம்புக்காக மது வைத்துக்கொள்ள அரசாங்கம் தரும் பர்மிட் அவரிடம் உண்டு, அதற்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்றார்.

வெள்ளைச் சேலையோடு தெருவில் ஓடினேன். செயலாளர் பூசையிலிருந்து அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் கறுத்துவிட்டது.

“அவனுங்க குடிச்சு அழியறதுக்கு என் வீட்டு பாட்டிலா?”

“உங்களுக்கு மருந்துன்னுதானே சார் பர்மிட் வாங்கியிருக்கீங்க? அங்கேயும் மருந்துதான். கொடுக்கலைன்னா இங்கேயே நிப்பேன்.”

அவர் அசையவில்லை. நானும் அசையவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த முக்கால் பாட்டில் பிராந்தியை என் கையில் வைத்தார். கணவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

டாக்டர் மருந்துக் கிளாசில் அளந்து, தண்ணீர் கலந்து, ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். பிடித்துக் குடிக்கவைத்தது நான். அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். வண்டி வந்து ஐந்து பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது. பத்து நாளில் நான்கு பேர் பார்வையோடு திரும்பினார்கள். ஐந்தாமவருக்கு ஒரு கண் போய்விட்டது.

அடுத்த நாள் ஒரு கான்ஸ்டபிள் வந்து பெயர்களைக் கேட்டார். பதிவேட்டை நீட்டினேன். ஐந்து வயிற்று வலி. அவர் என்னைப் பார்த்தார், பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார், போய்விட்டார். கமிட்டி கூடியபோது செயலாளர் என் விஷயத்தை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் பாட்டில் யாருடையது என்று நான் சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

குப்பத்தில் குடி ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய். சிலர் விட்டார்கள், சிலர் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். ஆனால் நான் அங்கே வேலை பார்த்த வரையில், போலீசுக்குப் பயந்து எந்த வீட்டிலும் ஒரு மனிதனைப் பூட்டி வைக்கவில்லை. அக்கா விடமாட்டாள். குடிகாரர்களுக்குத் துணைபோனவள் என்று என்னைச் சிலர் கடைசிவரை சொன்னார்கள். துணைபோனேன், ஆஸ்பத்திரி வரைக்கும். அதற்காக இன்றுவரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.