பத்தொன்பது தாள்களில் ஒரே முன்னுரை

தபால்காரர் நீட்டிய உறையில் தேர்வு அலுவலகத்தின் முத்திரையைப் பார்த்ததுமே டீச்சர் வாசலிலேயே நின்று அதைக் கிழித்தார். உள்ளே ஐந்தே வரி. அவரிடம் டியூஷன் படித்த பத்தொன்பது பிள்ளைகளின் கட்டுரைகள் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடிகின்றன. தேர்வு அறையில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று சந்தேகம். முடிவுகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. வியாழக்கிழமை விசாரணைக்கு வர வேண்டும். காப்பி என்று தீர்ப்பானால் பிள்ளைகள் இரண்டு வருடம் பரீட்சை எழுத முடியாது.

"முன்னுரை டீச்சர்" என்றுதான் தெருவில் பேர். பள்ளி நாளில் பரீட்சைத் தாளின் முதல் வரி வராமல் அரைமணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர். அந்தப் பயம் வேறு பிள்ளைக்கு வரக்கூடாது என்று எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற முன்னுரை ஒன்றும் முடிவுரை ஒன்றும் எழுதி வைத்தார்.

"காலையில் ஜன்னலைத் திறக்கிறோம். அதற்கு முன்பே உலகம் வேலையைத் தொடங்கிவிட்டது. நாம் விழிக்கும் முன்பே நமக்காக விழித்திருப்பது..." இங்கே தலைப்பைப் போட வேண்டும். நூலகம், மழைநீர், செய்தித்தாள், எது வந்தாலும் உட்காரும். முடிவுரையில் அதே தலைப்பு நம்மைப் பார்த்து, "எனக்காக நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும்.

"நடுவுல உனக்குத் தெரிஞ்சதை எழுது. வாசலும் கொல்லையும் நான் கட்டித் தந்துட்டேன்" என்பார்.

ஆனால் நோட்டில் எழுத விடமாட்டார். அடுத்த தெருவில் இன்னொரு டியூஷன் வந்ததிலிருந்து அந்தக் கட்டுப்பாடு. கரும்பலகையில் எழுதுவார், மூன்று முறை சொல்ல வைப்பார், அழித்துவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது கழுத்தைப் பிடித்தது. பரீட்சைக்கு முன்பே சொல்லிக் கொடுத்தது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பெற்றோர்கள் வந்தார்கள். அவர்களில் தையல்காரர்தான் வாசலிலேயே சத்தம் போட்டார். "உங்களை நம்பித்தானே டீச்சர் அனுப்பினேன்? என் பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடல. நாங்களே எழுதினதுப்பான்னு சொல்லிச் சொல்லி அழுவுறா."

"நான் போய்ப் பேசறேன்" என்றார் டீச்சர். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அன்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் வழி தோன்றியது. போன வருடப் பிள்ளைகளும் இதே முன்னுரையைத்தான் படித்தார்கள். அவர்கள் தாள்கள் அலுவலகத்தில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். எடுத்துப் பார்த்தால் இது போன வருடமே இருந்த சரக்கு என்று தெரிந்துவிடும். தோன்றிய வேகத்திலேயே கை நின்றது. அந்தப் பிள்ளைகளில் அவர் மகளும் ஒருத்தி. நல்ல மதிப்பெண், வெளியூர்க் கல்லூரியில் இடம். அதிகாரிகள் அதையும் காப்பி என்று சொல்லிவிட்டால்?

கணவர் எலெக்ட்ரீஷியன். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் வைத்தார். "நல்லா எரியற வீட்டுல போய் நாமளே ஃபியூஸைப் புடுங்கணுமா?"

"பத்தொன்பது வீடு இருட்டா கெடக்குங்க."

மகளுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் "அம்மா, வேற யார் நம்பரையாவது குடும்மா. என்னோடது வேண்டாம், ப்ளீஸ்" என்றாள். குரல் நடுங்கியது.

"ஊரான் பிள்ளை நம்பரை நீட்டிட்டு உன்னை ஒளிச்சு வைக்கச் சொல்றியாடி?"

இணைப்பு துண்டானது.

வியாழக்கிழமை. விசாரணை அறையில் நீள மேஜை, மூன்று அதிகாரிகள். பத்தொன்பது தாள்களும் முதல் பக்கம் தெரியும்படி விரித்துக் கிடந்தன. வெவ்வேறு கையெழுத்தில் அத்தனை ஜன்னல்களும் திறந்திருந்தன. எழுதியபோது அழகாக இருந்த வரிகள் இங்கே திருட்டுச் சாமான் மாதிரி இருந்தன.

"ஹால்ல யார் சொல்லிக் குடுத்தது?" என்றார் நடுவில் இருந்த கண்ணாடிக்காரர்.

"யாருமில்ல சார். நான் வகுப்புல சொல்லிக் குடுத்தது. போன வருஷத் தாளை எடுத்துப் பாருங்க." மகளின் பதிவெண்ணைச் சொன்னார். "என் பொண்ணு சார்."

கண்ணாடிக்காரர் எழுத்தரை அனுப்பினார். தலைக்கு மேல் மின்விசிறி கிர்கிர் என்று சுற்றியது. டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் விடுவதுமாக இருந்தார். ஒரு யுகம் கழிந்து எழுத்தர் தாளோடு வந்தார்.

கண்ணாடிக்காரர் படித்தார். புருவம் ஏறியது. "என்னம்மா விளையாடறீங்களா?" என்று தாளைத் திருப்பி வைத்தார்.

நூலகம் என்று தலைப்பு. கீழே மகளின் சாய்ந்த கையெழுத்து: "எங்கள் நூலகத்தில் மின்விசிறி ஓடாது. அதனால்தான் அங்கே எனக்கு எப்போதும் இடம் கிடைக்கிறது."

ஜன்னல் இல்லை. கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வியும் இல்லை. போனில் மகள் எதற்கு நடுங்கினாள் என்று அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள், அதிகாரிக்கு அல்ல, அம்மாவுக்கு.

"அப்ப நீங்க சொன்னது பொய்யா?"

எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் தையல்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் கைப்பையிலிருந்து போன வருடம் ரிசல்ட் பார்க்க வைத்திருந்த நோட்டை எடுத்தார். "என் பொண்ணு நான் சொன்னதைக் கேக்கல சார். கேட்ட பிள்ளைங்க பதினொரு பேர் நம்பர் இதுல இருக்கு. இவங்க யாரும் தப்பு பண்ணல. தப்புன்னா என் பேர்ல எழுதிக்குங்க."

விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் காட்டினார். எழுத்தர் மறுபடி போனார். இந்த முறை ஒரு கட்டோடு வந்தார். முதல் தாளில் ஜன்னல். இரண்டாவதிலும். ஐந்தாவதோடு கண்ணாடிக்காரர் நிறுத்திக்கொண்டார்.

"மனப்பாடம் பண்றது குத்தமில்ல. முன்னுரைக்கும் முடிவுரைக்கும் மார்க் கிடையாது, மத்ததுக்குப் போட்டு ரிசல்ட்டை விட்டுடலாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். டீச்சரிடம் திரும்பினார். "இனிமே பிள்ளைங்களையே எழுத விடுங்கம்மா."

"போன வருஷப் பிள்ளைங்க..."

"அவங்களை யாரும் தொடமாட்டாங்க. போங்க."

வெளியே தையல்காரர் எழுந்து நின்றார். டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். தையல்காரர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கணவர் கேட்டருகே ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். "பொண்ணு தாள் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. அதுல என்னோடது ஒரு வரிகூட இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கு இன்னும் வரவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கைப்பையிலிருந்து போனை எடுத்தார். மகளுக்குப் போன் பண்ண வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.