ஓடைக்கரை மரங்களும் ஒரு பொய் உத்தரவும்

இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையைத்தான் வைத்துக் கட்டினேன். ஒன்றில் செவ்வரளி இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் அய்யனார் கோயில் காட்டில் ஒரு மரத்தைத் தொடுவதென்றாலும் சாமியிடம் பூக் கேட்க வேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பூவரச இலையில் மடித்து, நூல் சுற்றி, சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு; சிவப்பு வந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகித்ததாகும் என்று அதை அப்படியே ஓடையில் விட்டுவிடுவார்கள். யாரும் பிரிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் நான் அதைச் செய்தேன்.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்று, அரிமளத்துக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தேன். படித்தவர் என்று கோயில் கமிட்டிக்குத் தலைவராக்கினார்கள். வைகாசித் திருவிழாவுக்குள் வேன் வந்து நிற்கும்படி பாதை போட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்கு ஓடையை ஒட்டி நின்ற மருதும் நாவலும் புங்கையும் போக வேண்டும். சுற்றிலும் தைலமரக் காடு. அதில் காக்கைகூடக் கூடு கட்டாது. பறவைகளுக்கு மிஞ்சியிருந்தது இந்தக் கோயில் காடுதான். அது எனக்கும் தெரியும்.

கூட்டத்தில் பூசாரி மட்டும்தான் மறித்தார். "பங்குனி, சித்திரையில கை வைக்காதீங்க சார். எல்லாம் கூட்டுல கெடக்கு. ஐப்பசிக்கு மேல பாத்துக்கலாம்" என்றார்.

"குருவிக்குப் பிரசவ லீவு கேக்குறாரு பூசாரி! முழுச் சம்பளமா, அரைச் சம்பளமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

"ஒங்க ஆத்தா ஒன்னையப் பெத்துக் கெடந்தப்ப கூரையப் பிரிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்ப்பா" என்று பூசாரியும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி சார், பூக் கேப்போம், அய்யனாரு சொல்லட்டும். சொன்னா மொத வெட்டு நானே போடுறேன்" என்றார்.

வெள்ளை வந்தது. சொன்னபடி அவரே கோடாலியை எடுத்தார். முதல் மருது சாய்ந்தபோது வேரோடு கரை பெயர்ந்தது. வேரிடுக்கில் ஒரு சின்னக் கூடு. முதுகு நீலமாகவும் மார்பு செங்கல் நிறமாகவும் இருக்குமே, ஓடைப்பக்கம் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும் குருவி, அதனுடைய கூடு. மண்ணில் விழுந்த குஞ்சுகள் கண் திறக்காமலே வாயைத் திறந்தன. தாய் பூச்சியோடு வந்து, கூடு இருந்த வெற்றிடத்தில் சிறகடித்து நின்று, போய், மறுபடியும் வந்தது. பூசாரி கோடாலியைக் கீழே வைத்தார். "சாமிதான சொன்னுச்சு" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

கரையோர வரிசையைத்தானே வெட்டினோம், உள்காடு அப்படியே நிற்கிறதே என்று நான் சமாதானம் தேடினேன். நிற்கத்தான் செய்தது. ஆனால் வெயில் நேரே விழுந்து, வைகாசி வரை கிடக்கும் ஓடைத் தண்ணீர் சீக்கிரமே வற்றியது. தண்ணீர் போனதும் பூச்சி போயிற்று. திறந்துவிட்ட இடைவெளி வழியாகக் காக்கைகள் உள்ளே நுழைந்தன. நாங்கள் தொடாத மரங்களின் கூடுகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின. அடுத்த கோடையில் காடு ஊமையாக நின்றது.

அதைவிட எனக்குப் பயத்தைத் தந்தது பூசாரியின் மாற்றம். விளக்கேற்றுவார், வந்துவிடுவார். பூக் கேட்க யார் வந்தாலும் மறுத்தார். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் காரணம் கேட்டேன். "பச்சக் குஞ்சக் கொல்லச் சொன்ன சாமிகிட்ட இன்னும் என்னத்தக் கேக்குறது சார்?" என்றார். ஒரு மனிதனின் தெய்வத்தை நான் கொலைகாரனாக்கியிருந்தேன். அவர் அந்த எண்ணத்தோடே செத்துப்போய்விடுவாரோ என்று அதன்பின் நான் நடுங்காத நாளில்லை. அப்படியும் வாய் திறக்க வருடங்களாயின.

ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பூசாரி என் முகத்தையே பார்த்தார். "அப்ப அவரு சொல்லலையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெகுநேரம் கழித்து, "எம்மேல பழி போட்டிருந்தாத் தாங்கியிருப்பேன். அவரு மேல போட்டுட்டீங்களே" என்றார்.

பதவி போயிற்று. பாதையை முள்ளிட்டு அடைத்தோம். கரையில் மருதும் நாவலும் நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். வெட்டிய புங்கைகளும் அடியிலிருந்து தழைத்துப் புதராயின. இந்தப் பங்குனியில் ஒரு நீலக் குருவி வாயில் வேர்நாரோடு கரைப்பொந்துக்குள் நுழைவதைப் பார்த்தேன். காக்கை எடுத்துவிடுமோ என்று காலையும் மாலையும் போய்க் காவல் நின்றேன்.

பூசாரி வந்து தடுத்தார். "நீங்க எங்கிட்டு நிக்கிறீங்கன்னுதான் காக்கா பாத்துக்கிட்டிருக்கு. நீங்களே கூட்டக் காட்டிக் குடுத்துருவீங்க. அங்கிட்டு வராதீங்க சார். அதுதான் நீங்க செய்யிற பரிகாரம்."

போவதில்லை. காக்கைகள் ஓடைப்பக்கம் பறந்தால் எழுந்து வீட்டு கேட் வரை வருகிறேன். திரும்பிப் போய் உட்காருகிறேன். பொரித்ததா, பறந்ததா, தெரியாது. பூசாரி தினமும் என் வீட்டைக் கடந்துதான் கோயிலுக்குப் போகிறார். நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. நேற்று வாசலுக்கு நேராகச் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். நான் எழுந்து நின்றேன். செயின் கழன்றிருந்தது. மாட்டிக்கொண்டு போய்விட்டார்.