கழுவி வைத்த துவரை

பாரம்பரிய விதைகளைச் சேகரிக்கும் வேலையில் இருந்தபோது, ஆனைகட்டிப் பக்கம் விவசாயம் செய்யும் ஓர் அம்மா நாட்டுத் துவரை விதை கொடுத்தார். விதை முழுக்கச் செம்மண் பூசியிருந்தது. சுத்தமாகக் கொடுக்கக்கூடத் தெரியாதா என்று மனதுக்குள் சலித்துக்கொண்டேன். ஆர்.எஸ்.புரத்து அலுவலகத்துக்கு வந்ததும் கழுவிக் காயவைத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, அழகாகப் பெயர் எழுதி ஒட்டினேன். மூன்றே மாதத்தில் ஜாடிக்குள் வண்டும் மாவும்தான் மிச்சம்.

மறுபடி அவரிடமே போய் நின்றேன்.

"வண்டு விழுகாம இருக்கத்தானுங்க மண்ணு கட்டுறது. அதைப் போயி கழுவிப்போட்டீங்களா?" என்றார்.

"நீங்க அன்னைக்குச் சொல்லவே இல்லீங்களே" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"நீங்க வெதையோட பேரை மட்டுந்தானுங்க கேட்டீங்க."