வடிதட்டு நிழலில் ஒரு முகம்

பெரியவள் ஓர் அச்சகத்தின் முன்னறையில் பாஸ்போர்ட் படம் எடுப்பவள். "சிரிக்காதீங்க, காது ரெண்டும் தெரியணும்" என்று பகலெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்தவள். பிழைப்பே முகங்களைச் சிரிக்கவிடாமல் வைப்பது என்பதாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டிலிருக்கும் ஒரு முகத்தை விதவிதமாக எடுத்து ஆசை தீர்த்துக்கொள்வாள். அது அவள் தங்கையின் முகம். அவளை வீட்டில் சின்னவள் என்பார்கள்.

நல்ல விளக்கு வாங்க வசதியில்லை. கைக்குக் கிடைத்ததை வைத்துத்தான் எல்லாம். சாய்வெயில் வரும் ஜன்னலுக்கு முன்னால், சோறு வடிக்கும் ஓட்டை வடிதட்டைத் தூக்கிப் பிடித்தால் சின்னவளின் கன்னமெங்கும் வெளிச்சப் பொட்டுகள் விழும். பழைய சிடியை லென்ஸின் ஓரத்தில் சாய்த்தால் நெற்றியில் வானவில் ஓடும். பாலிதீன் பையில் துளி எண்ணெய் தடவி லென்ஸைச் சுற்றிக் கட்டினால் முகம் மட்டும் தெளிவாக நின்று சுற்றிலும் பனி இறங்கும். டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல், இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்.

"வடிதட்டு எங்கடி?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"நடிக்கப் போயிருக்கும்மா, இப்ப வந்துரும்" என்பாள் சின்னவள், உதடு அசையாமல்.

ஒருநாள் ஜன்னலின் லேஸ் திரையை வெட்டி எடுத்துச் சின்னவளின் முகத்துக்கு முன்னால் கட்டினாள் பெரியவள். முகமெல்லாம் பூவேலை செய்த நிழல். படம் அற்புதமாக வந்தது. அம்மாவோ திட்டித் தீர்த்துவிட்டாள். இரண்டு நாள் பெரியவளோடு பேச்சே இல்லை.

"படத்தையெல்லாம் எனக்கும் அனுப்புக்கா, பார்த்துட்டே இருக்கணும் போல இருக்கு" என்று சின்னவள் கேட்டபோது பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்று விடாமல் அனுப்பிவைத்தாள். அதன்பின் சின்னவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருந்தது. பெரியவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அச்சகத்தில் சுவரொட்டி வடிவமைக்கும் அண்ணன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது உன் தங்கச்சிதானே? பெரிய ஆளாயிட்டா போல. சொல்லவே இல்லையே!"

கம்ப்யூட்டர் திரையில் வெளிச்சப் பொட்டுகளோடு சின்னவளின் முகம். கீழே 'நானே எடுத்த நான்' என்று கொட்டை எழுத்து. ஒரு பெண் தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படங்களின் கண்காட்சி. பெரியவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"எங்கயோ தப்பா போட்டுட்டாங்கண்ணே" என்றாள்.

"கண்காட்சி நடத்துறவங்க எழுதிக் குடுத்ததுதாம்மா."

அப்போதும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. யாரோ விவரம் தெரியாமல் எழுதியிருப்பார்கள், போனால் சின்னவளே சரிசெய்துவிடுவாள் என்று நினைத்துத்தான் தொடக்க நாளன்று மண்டபத்துக்குப் போனாள்.

உள்ளே சின்னவளைச் சுற்றிக் கூட்டம்.

"தனி ஆளா எப்படிங்க இதெல்லாம்?" என்று ஒருவர் கேட்டார்.

"கேமராவில டைமர் வச்சுட்டு, வடிதட்டைக் கொடியில கட்டித் தொங்கவிட்டுருவேன்" என்றாள் சின்னவள். "லேஸ் திரையை வெட்டினதுக்கு எங்கம்மாகிட்ட வாங்கின திட்டு இருக்கே, அப்பப்பா! ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். படத்தை எடுத்துக்கொண்டதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பாள். அந்தத் திட்டையும் எடுத்துக்கொண்டதுதான் பெரியவளின் நெஞ்சில் போய்த் தைத்தது.

அருகிலிருந்த படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். சின்னவளின் கருவிழியில் ஜன்னல் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் நடுவே ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடி ஓர் ஆள் உருவம். வடிதட்டைப் பிடித்திருந்த பெரியவளேதான். யாரையும் கூப்பிட்டுக் காட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் சின்னவளைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?"

சின்னவள் முதலில் கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "மணிக்கணக்கா கண்ணு கூச உட்கார்ந்தது யாரு? மூஞ்சி என்னோடது. வடிதட்டு அம்மாவோடது. இதுல உன்னோடது என்னக்கா?"

பெரியவளிடம் பதில் இருந்தது. அதைத் தங்கைக்கே சொல்லிப் புரியவைக்க வேண்டுமா என்று படியிறங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டினாள். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும். நீ முறுக்கிக்குவேன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன். உனக்கு ஒரு வேலை இருக்கு. அவளுக்கு என்னடி இருக்கு? விட்டுக்குடேன்."

சின்னவள் செய்தது ஓர் அடி என்றால், அம்மாவுக்குத் தெரியும் என்பது இன்னோர் அடி. தன்னைத் தவிர வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடித்த விஷயம் அது. அந்த மாதமே அச்சகத்துக்கு அருகில் ஒரு மாடியறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே வெகுநாள் ஆயிற்று. பிறகு கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைக் கலர் கண்ணாடித்தாள் வைத்து ஒரு படம் எடுத்தாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் பின்னால் யாரோ நிற்பதுபோல அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் ஒரு மாலையில் சின்னவள் தேடி வந்தாள். ஒரு பத்திரிகை புதிய படங்கள் கேட்டிருந்ததாம். டைமர் வைத்து எடுத்துப் பார்த்தாளாம், ஒன்றும் சரியாக வரவில்லையாம்.

"ஒரே ஒரு தடவைக்கா. இந்தத் தடவை உன் பேரையும் போடச் சொல்றேன்."

"பேரையும்னா?"

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாடிப்படியின் கிரில் கதவு வழியே வெயில் அவள் முகத்தில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஒரு கட்டத்துக்குள் கண், இன்னொன்றில் பாதி உதடு. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினால் போதும். பெரியவளின் கை தானாகவே அவள் மோவாயை நோக்கிப் போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"போயிட்டு வா" என்று கதவைச் சாத்தினாள். சின்னவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா இப்போதும் எப்போதாவது வருவாள். சின்னவளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போய்விடுவாள்.