பலகையில் தெரிந்த அம்மா

செம்மேட்டில் நடந்த பயிற்சிக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. எங்கள் பள்ளியில் மொத்தமே இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். "எனக்கு இனிமே எதுக்கும்மா இந்த ஆன்லைன் எல்லாம்? நீங்களே போயிட்டு வந்துருங்க. ரெண்டு கிளாஸையும் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் இல்லாததால் நான் போனேன்.

மலைமேல் திண்ணனூர் நாடு என்று சொல்லும் ஊர்க்கூட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி எங்களுடையது. எனக்கு ஊர் கீழே, ராசிபுரம் பக்கம். திங்கள் காலையில் மலை ஏறினால் வெள்ளி சாயங்காலம்தான் இறங்குவேன். நடுவில் மலையிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ராத்திரியானால் ஃபோனில் என் மகளைக் கூப்பிட்டு முகம் பார்த்துப் பேசுவேன். ஃபோனில் எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அதையும் மகள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

பயிற்சியில் எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்துகொண்டு, அவரவர் ஃபோன் வழியாக ஒரே கூட்டத்தில் சேர வேண்டும் என்றார்கள். சேர்ந்ததும் எல்லா ஃபோனும் ஒன்றை ஒன்று பார்த்துக் கீச்சென்று கத்தின. சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் நான் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டேன். பயிற்சி கொடுத்தது என் பழைய மாணவிகளின் வயதில் இருந்த ஒரு பெண். "டீச்சர், காதுல வைக்காதீங்க. எல்லாருக்கும் உங்க காதுதான் தெரியுது" என்றாள். சுவரில் விழுந்த படத்தைப் பார்த்தேன். என் காதும் கம்மலும் மட்டும் பூதாகாரமாகத் தெரிந்தன. ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் வெட்கமாக இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவளுக்கு ஒரு பொத்தானைத் தேடி அமுக்கத் தெரியவில்லையே என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

சில மாதம் கழித்து ஸ்மார்ட் போர்டு வந்தது. தார்ப்பாய் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். நெட் இணைப்பு அதற்குப் பிறகு மெதுவாக வந்தது. பாஸ்வேர்டு மறந்துபோகும் என்று தலைமையாசிரியர் அதை பீரோ கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைத்தார். விலங்குகள் பாடம் நடத்தலாமென்று முதல் நாள் ஒரு யானை வீடியோவைப் போட்டேன். பாதி யானை வந்ததும் படம் நின்றுவிட்டது. நான் எதை எதையோ அமுக்கினேன். யானை அசையவே இல்லை. பிள்ளைகள் மத்தியானம் முழுக்கத் தும்பிக்கையும் முன்னங்காலும் மட்டும் உள்ள யானையைப் பார்த்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னார்கள்.

பனி இறங்கினால் சிக்னல் போய்விடும். மழை பெய்தால் கரண்ட் போய்விடும். இரண்டும் இருக்கிற நாளில் எந்தப் பொத்தான் என்று எனக்கு மறந்துபோகும். ஆனாலும் விடவில்லை. லிங்க் அனுப்புவது, படத்தைப் பெரிதாக்குவது, பிள்ளைகள் படிப்பதைப் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். வராத ஒன்று வரும்போது கிடைக்கிற சந்தோஷத்தை அந்த வயதில் மறுபடியும் அனுபவித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு நான்கைந்து பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் மலையில் இல்லை. சாமையும் தினையும் அறுத்துப் போட்டுவிட்டால் பாதிக் குடும்பங்கள் கேரளாவுக்கு மிளகு பறிக்கவும் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கவும் இறங்கிவிடும். படிக்கிற பிள்ளைகளை அத்தை, சித்தி என்று யாராவது வைத்துக்கொள்வார்கள். காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அந்த யோசனை வந்தது. எல்லோரிடமும் ஃபோன் இருக்கிறது. ஒரு லிங்க் அனுப்பினால் வரமாட்டார்களா?

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "வந்தா நல்லதுதானேம்மா" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் போர்டைப் போட்டேன். முதலில் ஒரு நெற்றி வந்தது. பிறகு ஒரு மூட்டை, அதன் பின்னால் ஒருவரின் முகம். பிள்ளைகள் "எங்கப்பா! எங்கப்பா!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். ஒவ்வொரு சதுரமாக முகங்கள் திறந்தன. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா அம்மா இரண்டு பேரும் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் இருந்தார்கள். கைக்குழந்தையான தம்பியை மட்டும் கூடக் கூட்டிப்போயிருந்தார்கள். இவள் பெரியம்மா வீட்டில் இருந்தாள். வகுப்பில் பேச்சே இருக்காது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது.

அவள் அம்மாவின் முகத்தை நான் போர்டு அளவுக்குப் பெரிதாக்கினேன்.

"ஏ கண்ணு... ஏஞ்சாமி... தலை ஏன் இப்பிடிக் கெடக்குது? பெரீம்மா எண்ண வெக்கலியா?"

அந்தப் பெண் எழுந்து போய் அம்மாவின் கன்னத்தில் கை வைத்தாள். தொட்டால் வேலை செய்கிற பலகை அது. படம் சட்டென்று மறைந்து வேறு என்னவோ திறந்துகொண்டது. பதறிப்போய் அவள் என்னைப் பார்த்தாள். மறுபடியும் அம்மாவைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. "தொடக் கூடாது கண்ணு, பாக்க மட்டுந்தான்" என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை அப்படியே நிலைத்துவிட்டது. சும்மா பேசினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்களே என்று, ஒவ்வொருவரும் ஒரு பத்தி படித்துக் காட்ட வேண்டும் என்றேன். அந்தப் பெண் வாரம் முழுக்க அதற்காகவே படித்தாள். சாப்பாட்டு நேரத்தில் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தைப் பிடித்திருப்பாள். கொஞ்ச நாளில் எழுத்துக் கூட்டுவது நின்றது. பிறகு குரல் வந்தது. தோட்டத்தில் வேலை செய்த மற்றப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து அவள் அம்மா கேட்கத் தொடங்கினாள். "எம்புள்ள எப்பிடிப் படிக்குது பாரு" என்று அந்தப் பக்கத்தில் அவள் சொல்வது எங்களுக்கும் கேட்கும்.

பள்ளியைப் பார்வையிட வந்தவர்கள் பாராட்டினார்கள். செம்மேட்டில் அதே ஹாலில் என்னை மேடையில் நிறுத்தி, எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எனக்குப் பெருமை இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் பொய்.

பொங்கல் வந்தது. வழக்கமாகப் பொங்கலுக்கு முந்தின வாரம் பள்ளியில் பாடமே நடக்காது. எந்தப் பஸ் சத்தம் கேட்டாலும் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். குடகில் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும்போதுகூடப் பெற்றோர் இரண்டு நாளாவது வந்து முகம் காட்டிவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் வெள்ளிக்கிழமை பேசும்போது அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் சொன்னாள்:

"இந்த நோம்பிக்கு வரலீங்க டீச்சர். மேஸ்திரி விட மாட்டேங்கறாரு. நானும் ரொம்பக் கேட்டுக்கல. அதான் வாரா வாரம் பாத்துக்கறோமுங்களே."

அவள் மட்டுமல்ல. இன்னும் இரண்டு மூன்று பேர் கிட்டத்தட்ட அதையே சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் புத்தகத்தைத் திறந்து தன் பத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போர்டை அணைத்த பிறகு, "அம்மா வரலைன்னு வருத்தமா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர்."

"அழுகை வந்தா அழுதுடு கண்ணு."

"அம்மா பாக்கறப்ப அழுவக் கூடாதுன்னு பெரீம்மா சொல்லியிருக்குது. அம்மாளுக்கு அங்க வேலை ஓடாதாம்."

பெரியம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. விவரமான பெண்மணி என்றுதான் நினைத்தேன்.

ஆடிப் பதினெட்டுக்கும் அவர்கள் வரவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து சுருண்டு கிடந்தபோது, பெரியம்மா ஃபோனைத் தலைமாட்டில் சாய்த்துவைத்தாராம். அம்மா அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாளாம். நெற்றியில் ஈரத்துணி போட்டது பெரியம்மாதான்.

அதற்கப்புறம் ஒரு நாள், அந்தப் பெண் இப்போது இருந்த நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் பெரிய பை. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கிறாள். மூக்குத்தியைப் பார்த்துத்தான் எனக்கே அடையாளம் தெரிந்தது. அவ்வளவு வாரம் பார்த்திருந்தும் அவள் உயரம் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒல்லியாக, என் தோளுக்குத்தான் இருந்தாள்.

"கண்ணு" என்றாள்.

வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மகள் எழுந்து நின்றாள். ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஒரு அடி பின்னால் வைத்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாதான் கண்ணு, போ" என்றேன்.

"டீச்சர், அம்மா குட்டையா இருக்குது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. சிரித்தாள். பையை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "வா சாமி, அம்மாகிட்ட வா."

அந்தப் பெண் இரண்டு எட்டு போனாள். அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அது நன்றாகத் தெரிந்தது. அங்கேயே நின்று, "பாடம் படிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

அம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. தரையில் உட்கார்ந்தாள். மகள் புத்தகம் எடுத்து வந்து ஒரு பத்தியைத் தடங்கல் இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள். மடியிலிருந்த குழந்தை அம்மாவின் தாலிக் கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

அவள் ஒரு வாரம் போல இருந்தாள். அந்தப் பெண் பெரியம்மாவோடுதான் படுத்துக்கொண்டாளாம். பள்ளிக்கு அம்மா கூட்டிவந்தால் நாலு அடி முன்னால் நடப்பாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் அம்மா என்னைத் தேடி வந்தாள்.

"புள்ளையக் கூட்டிட்டுப் போறேனுங்க டீச்சர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குதா?"

"இல்லீங்க. கன்னடந்தான். பக்கத்துல ஒண்ணு இருக்குது."

"இப்பத்தான் நல்லாப் படிக்க ஆரம்பிச்சிருக்கா. வகுப்புலயே இப்ப அவதான் முதல்ல. அடுத்த வருஷம் வரைக்கும் பொறுங்க. அஞ்சாவது முடிக்கட்டும்."

"படிப்பு நல்லாத்தானுங்க இருக்குது. நானுந்தான கேட்டேன். வாரா வாரம் பாத்துக்கிட்டு இருந்தனா, புள்ள சிரிச்சுக்கிட்டுத்தான இருக்குதுன்னு இருந்துட்டேனுங்க. ஒரு நா அழுதிருந்தா ஓடியாந்திருப்பேன். அது அழுவவே இல்லீங்களே."

"அவ உங்களுக்காகத்தாங்க அழாம இருந்தா."

"தெரியுதுங்க இப்ப." பிறகு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள் போலக் கேட்டாள்: "நீங்களும் உங்க புள்ளைய ஃபோன்லதான் பாக்கறீங்கன்னு அக்கா சொல்லுச்சுங்க. உங்ககிட்ட எப்பிடி இருக்குதுங்க டீச்சர்?"

"அவ பெரிய பொண்ணும்மா. காலேஜ் போறா" என்றேன். அது பதில் இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. சனிக்கிழமைகளில் நான் வீட்டுக்குப் போனால் மகள் தன் அறையில் இருப்பாள். ராத்திரி ஃபோனில் அரை மணி நேரம் பேசுகிறவள் நேரில் வந்தால் 'வந்துட்டியாம்மா' என்பதோடு முடித்துக்கொள்வாள். களைத்து வந்திருக்கிறேன் என்று விட்டுவிடுகிறாள் போலும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நான் இன்னும் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். தலைமையாசிரியரும் சொல்லிப் பார்த்தார். அவள் கோபப்படவில்லை. "நீங்க காட்டலைன்னா மொகத்தையே பாத்திருக்க மாட்டேனுங்க. உங்க மேல ஒண்ணும் இல்லீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினேன். என்ன எழுதிக் கொடுப்பதென்று தெரியாமல் முதல் பக்கத்தில் அவள் பெயரை மட்டும் எழுதினேன்.

முதல் சில வெள்ளிக்கிழமைகள் அவள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். பின்னால் காப்பிச் செடிகள் தெரியும். எங்கள் பிள்ளைகள் "படி, படி" என்பார்கள். படிப்பாள். நடுவே தம்பி வந்து விழுவான். பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தாள். மழை வலுத்ததும் அது நின்றுபோனது. அந்த நம்பருக்குப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக வந்தது.

வெள்ளிக்கிழமைகளை நான் நிறுத்தவில்லை. நிறுத்தலாமா என்று பல நாள் யோசித்தேன். போர்டு திறந்ததும் பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். யார் முகம் வந்தாலும் பாடம் தொடங்கும் முன்பு, "எப்ப வாரீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் நெளிவார்கள். ஒரு அப்பா, "ஏனுங்க டீச்சர், நீங்க மேஸ்திரிய விட மோசமுங்க" என்று சிரித்தார். ஆனால் சித்திரையில் வந்தார்.

அந்தப் பெண் இங்கேயே இருந்திருந்தால் நன்றாகப் படித்திருப்பாள் என்று சில நாள் தோன்றுகிறது. அந்த வெள்ளிக்கிழமைகள் இல்லாமல் இருந்திருந்தால், படிப்பு வராவிட்டாலும், பொங்கலுக்கு அம்மாவின் மடியில் இருந்திருப்பாள் என்று சில நாள் தோன்றுகிறது. இரண்டில் எதற்கு வருத்தப்படுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே வருத்தப்படுகிறேன்.

போன மாதம் சந்தையில் பெரியம்மாவைப் பார்த்தேன். பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க டீச்சர். அம்மாகூட ஒட்டிக்கிச்சு. இப்ப ஒரு நிமிசம் பிரியாதாம். கன்னடம் தண்ணியாட்டம் பேசுதாமுங்க."

"தமிழ் படிக்கிறாளா?"

"அத எங்கீங்க? நீங்க குடுத்த புஸ்தகத்தத் தம்பிக்காரன் கிழிச்சுப் போட்டானாம்" என்று சிரித்தார்.

வேறு புத்தகம் அனுப்புகிறேன், எங்கே அனுப்புவது என்று கேட்டேன். இப்போது வேறு தோட்டத்துக்கு மாறிவிட்டார்களாம், பெயர் வாயில் நுழையவில்லை என்றார். அடுத்த தடவை அவர்கள் பேசினால் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பலாச்சுளை நான்கை இலையில் வைத்துக் கையில் கொடுத்து, "சாப்புடுங்க டீச்சர், தேனாட்டம் இருக்குது" என்றார். வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.